முதல் ஸ்கேன் சீட்டில் இருந்த தேதி

தேவகோட்டையில் எங்கள் வீட்டுப் பட்டாலையில் மாட்டியிருந்த நாட்காட்டியில் என் பிரசவத்திற்கென்று மூன்று தேதிகள் வட்டமிடப்பட்டிருந்தன. முதல் வட்டம் அப்பத்தா போட்டது. பிள்ளையார் நோன்பு கழிந்த கையோடு, டிசம்பர் 26 அன்று எனக்கு மாதவிலக்கு வந்ததை நினைவில் வைத்திருந்து, ஏழு நாளும் ஒன்பது மாதமும் கூட்டி அக்டோபர் 2 என்று முடிவு செய்துவிட்டார்கள்.

பிப்ரவரி 24 அன்று காரைக்குடியில் முதல் ஸ்கேன் எடுத்தோம். அந்தக் கணக்குப்படி எட்டு வாரம் நான்கு நாள் ஆகியிருக்க வேண்டும். ஆனால் திரையில் தெரிந்த கருவின் நீளம், தலை உச்சியிலிருந்து பிட்டம் வரை, 9 மில்லிமீட்டர்தான். ஒரு கொண்டைக்கடலை அளவு. அது ஆறு வாரம் ஆறு நாளுக்குரிய வளர்ச்சி என்றதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. இதயத் துடிப்பைக் காட்டிய பிறகு மருத்துவர், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வரும் என்று கேட்டார். நாற்பது நாள் என்றேன். அதுவரை யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் கூச்சம். வழக்கமான கணக்கு 28 நாள் சுழற்சியையும் பதினான்காம் நாள் கருமுட்டை வெளிவருவதையும் வைத்துப் போடப்படுவது. எனக்கு அது பன்னிரண்டு நாள் தள்ளியே நடந்திருக்கும் என்று விளக்கினார். ஒன்பது வாரத்திற்கு முன் எடுத்த ஸ்கேனில் ஐந்து நாளுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஸ்கேன் தேதியையே எடுத்துக்கொள்வார்களாம். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது கரு 22 மில்லிமீட்டராக, சரியான கணக்கில் வளர்ந்திருந்தது. அக்டோபர் 14 உறுதியானது.

எட்டாம் மாத ஸ்கேன் சீட்டிலோ அக்டோபர் 22 என்று அச்சாகியிருந்தது. அந்தப் பருவத்தில் பிள்ளைக்குப் பிள்ளை வளர்ச்சி வேறுபடுவதால் மூன்று வாரம் வரை முன்பின்னாகக் காட்டக்கூடும், அதை வைத்துத் தேதியை மாற்றக் கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகும் அப்பச்சி அதையும் வட்டமிட்டார்கள்.

அக்டோபர் 9 அன்று சேர்க்கைக்குப் போன இடத்தில், பழைய அட்டையில் இருந்த 2ஆம் தேதியைப் பார்த்துவிட்டு, நாள் கடந்துவிட்டதால் வலி வரவழைக்க வேண்டும் என்றார்கள். கைப்பையில் மடித்து வைத்திருந்த பிப்ரவரி மாதச் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்ததும் காத்திருக்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

11ஆம் தேதி விடியற்காலையில் தானாகவே வலி கண்டு மகன் பிறந்தான். 14ஆம் தேதியை நம்பிச் சிங்கப்பூரிலிருந்து டிக்கெட் எடுத்திருந்த என் கணவர், 12ஆம் தேதி இரவுதான் வந்து சேர்ந்தார்.