பொருள்: அவசரம்! 'கட்டுப்பாடு' இல்லாமல் ஒரு சொல் வேண்டும்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டிய துண்டறிக்கை ஒரு சொல்லால் நிற்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு வாரம் ஒரு மதியம் சுங்குடி முடிச்சு, களிமண் பொம்மை, கோலம் என்று வைத்திருக்கிறோம். மருந்தும் நடையும் அப்படியே இருக்கும். கூடவே, தன் உடம்பு தன் கையில் இருக்கிறது என்ற தெம்பு வரவேண்டும். ஆங்கிலத்தில் 'சென்ஸ் ஆஃப் கண்ட்ரோல்'. 'கட்டுப்பாட்டுணர்வு' என்று போட்டு வாசித்துக் காட்டினேன். ஒரு அம்மா, "இங்கேயும் வாயைக் கட்டணுமா?" என்று எழுந்துவிட்டார்.
— திருநகர்

நலவாளுமை. நலம் + ஆளுமை: மகரம் கெட்டு, மரம் + அடி 'மரவடி' ஆவது போல வகர உடம்படுமெய், நன்னூல் 219. 'நலமாளுமை' என்று எழுதித் தொலைக்காதீர்கள்.
— மேலூர்

ஐயா, ஆளுமை இன்று பெர்சனாலிட்டி ஆகிவிட்டது. சுயமுன்னேற்றக் கூட்டம் என்று நினைப்பார்கள். நலப்பிடிமானம்? பஸ்ஸில் கம்பி கிடைத்தால் வருமே, அந்தப் பிடிமானம்.
— கோரிப்பாளையம்

மானம் வடசொல்.
— மேலூர்

அது மான மரியாதையின் மானம், ஐயா. வருமானம், தேய்மானம், கட்டுமானம் எல்லாம் தமிழ் வினையடியில் அல்லவா ஒட்டியிருக்கிறது?
— கோரிப்பாளையம்

ஒட்டினவர் எல்லாம் சொந்தக்காரர் ஆகிவிடுவாரா, தம்பி? 'அனுமானம்' எந்த வினையடி? நாளை விரிவாக எழுதுகிறேன்.
— மேலூர்

மானத்துக்கே பதினொரு மடல் ஆகிவிட்டது. நான் கல்லூரியில் உளவியல் எடுக்கிறேன்; ஒரு விஷயம். 'சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது' என்பது சோதனைச் சீட்டு சொல்வது. நமக்கு வேண்டியது ஆள் உணர்வது. உலக சுகாதார நிறுவனத்தின் 1986 ஒட்டாவா சாசனம் நலமேம்பாடு என்றால் என்ன என்று சொல்லும்போதே, மக்கள் தம் உடல்நலத்தின் மேல் கூடுதல் பிடி பெறுவதைத்தான் பேசுகிறது. உளவியலாளர் பண்டூரா 1977இல் எழுதிய 'செல்ஃப் எஃபிகசி' இதற்குப் பக்கத்து வீடு: 'என்னால் இது முடியும்' என்ற நம்பிக்கை. அதற்கு அவர் சொன்ன வலுவான ஊற்று, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம். துணியை நூலால் இறுக்கி, சாயத்தில் முக்கி, முடிச்சை அவிழ்த்ததும் வெள்ளைப் புள்ளி தெரிகிறதே, அதேதான். ஆனால் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிடாதீர்கள்.
— திருப்பரங்குன்றம்

மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் உற்றவன், தீர்ப்பான் (மருத்துவன்), மருந்து, உழைச்செல்வான் (பக்கத்தில் இருந்து கவனிப்பவன்) என்று நான்கை வரிசைப்படுத்துகிறார். முதலில் நிற்பவன் நோயாளி. ஆகவே ஆள்பவனும் அவனே. நலவாளுமை.
— மேலூர்

எழுந்துபோன அம்மாவிடமே கேட்டேன். "முடிச்சுப் போடுறப்ப என் கை என் பேச்சைக் கேக்குது" என்றார். இதை எப்படிக் கலைச்சொல் ஆக்க? நேரமில்லை. பிடிமானத்துக்கு 5 பேர், ஆளுமைக்கு 2 பேர். தலைப்பில் 'நலப்பிடிமானம்' போட்டு, அடியில் அவர் சொன்னதை அப்படியே சேர்த்துவிட்டேன். அச்சகத்துக்குப் போய்விட்டது.
— திருநகர்

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அந்த அம்மா சொன்னது நன்றாகத்தான் இருக்கிறது. 'கேக்குது' என்பதை மட்டும் 'கேட்கிறது' என்று திருத்தியிருக்கலாம்.
— மேலூர்