வங்கி ஏலத்தில் வீடு எடுத்தேன். உள்ளே குடும்பம் இருக்கிறது. கட்டிய 25 சதவீதம் திரும்புமா?

தறிக்காரன்_ஈரோடு
வணக்கம். ஈரோட்டில் ஒரு வங்கி ஏலம் விட்ட வீட்டை எடுத்திருக்கிறேன். மூன்றரை சென்ட், மாடியில் ஓர் அறை. குறைந்தபட்ச விலை 38 லட்சம்; 42 லட்சத்துக்கு என் பெயரில் முடிந்தது. முன்வைப்புத் தொகை 3.80 லட்சம் ஏற்கெனவே கட்டியிருந்தேன். மறுநாள் 6.70 லட்சம் சேர்த்து, ஆக மொத்தம் 10.50 லட்சம் வங்கியிடம் இருக்கிறது. மீதி 31.50 லட்சத்தை ஏலம் உறுதியான நாளிலிருந்து 15 நாளுக்குள் கட்டவேண்டும். ஆறு நாள் போய்விட்டது.

நான் வழக்கமாகக் கணக்கு வைத்திருக்கும் வங்கியில் வீட்டுக்கடன் கேட்டேன். மூலப் பத்திரம் கையில் இல்லை, வீட்டில் வேறு ஆள் குடியிருக்கிறார்கள் என்று சொல்லித் தட்டிக்கழித்துவிட்டார்கள்.

ஏலத்துக்கு முன் வீட்டைத் தெருவிலிருந்து பார்த்ததோடு சரி. போன ஞாயிற்றுக்கிழமைதான் வாசல் வரை போனேன். கேட்டில் வங்கி ஒட்டிய அறிவிப்பு பாதி கிழிந்து தொங்குகிறது. வாசலில் அன்று காலை போட்ட கோலம். ஒரு வயதான அம்மா வந்து யார் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன், வேறு என்ன செய்ய?

அன்று இரவு அவருடைய மகன் போன் செய்தார். கடன் வாங்கியவர் அவர்தான். "தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன், மீதியையும் கட்டி மாட்டிக்கொள்ளாதீர்கள்" என்றார். பேசாமல் விலகிவிடலாமா? 10.50 லட்சம் திரும்பக் கிடைக்குமா?

நொய்யல்கரை
ஏல அறிவிப்பில் சுவாதீனம் என்ற இடத்தில் என்ன போட்டிருந்தது?

தறிக்காரன்_ஈரோடு
"அடையாள சுவாதீனம்" என்று இருந்தது. சட்டத்துக்காக ஏதோ எழுதியிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

நொய்யல்கரை
அந்த ஒரு சொல்லால்தான் உங்களுக்கு 42 லட்சத்துக்குக் கிடைத்தது அண்ணா. வீடு காகிதத்தில் மட்டுமே வங்கியிடம் இருக்கிறது, சாவி அவர்களிடம் இல்லை என்று அர்த்தம். காலி வீடாக இருந்தால் இன்னும் பத்துப் பேர் போட்டிக்கு வந்திருப்பார்கள்.

கோவை_வழக்குரைஞர்
முதலில் பணத்தைப் பற்றி. விலகாதீர்கள். சர்ஃபேசி (வாராக்கடனுக்கு அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சட்டம்) விதிகளில் 9-ஆவது விதிப்படி, மீதியைக் கட்டத் தவறினால் கட்டிய 25 சதவீதமும் பறிபோகும். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 12.27 கோடிக்கு ஏலம் எடுத்தவர் மீதியைக் கட்டவில்லை, 3.06 கோடி போனது. வங்கி பிறகு அதே சொத்தைக் கூடுதல் விலைக்கு விற்றுவிட்டது, நஷ்டமே இல்லை என்ற வாதம் எடுபடவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் இரக்கம் காட்டியதைக்கூட உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆனால் அதே விதியில் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டால் 15 நாளை நீட்டிக்கலாம். அதிகபட்சம் மூன்று மாதம். "பார்த்துக்கொள்ளலாம் சார்" என்று மேலாளர் வாயால் சொல்வது செல்லாது. ஏலத்தை நடத்திய அதிகாரம் பெற்ற அலுவலருக்கு நாளைக்கே கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். பதிலும் 15-ஆம் நாளுக்கு முன் எழுத்தில் வரவேண்டும்.

அடுத்து வழக்கு. ஈரோட்டுக்குக் கோவை கடன் வசூல் தீர்ப்பாயம். தீர்ப்பாயங்களின் இணையதளத்தில் கடன்தாரர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். வழக்கு இருந்தால் எண்ணும் அடுத்த வாய்தா தேதியும் தெரியும். வழக்குப் போடுவது வேறு, தடையாணை வாங்குவது வேறு. தடை இல்லையென்றால் விற்பனை நடந்துகொண்டுதான் இருக்கும். கடனைக் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமையும் ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். 2016-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2023-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. இனி நடைமுறையில் ஓட்டை இருப்பதாகக் காட்டினால்தான் அவருக்கு வழி. ஆகவே வங்கியிடம் மூன்றைக் கேட்டுப் பாருங்கள்: கடனைக் கட்டச் சொல்லும் 60 நாள் கேட்பு அறிவிப்பு, 30 நாள் விற்பனை அறிவிப்பு, பத்திரிகை விளம்பரம். விளம்பரம் இரண்டு நாளிதழ்களில், ஒன்று உள்ளூர் மொழியில் வந்திருக்கவேண்டும்.

தறிக்காரன்_ஈரோடு
வழக்கு இருக்கிறது. அடுத்த மாதம் வாய்தா. தடையாணை எதுவும் கண்ணில் படவில்லை. வீட்டைக் காலி செய்து தருவது யார் பொறுப்பு? "எங்கே எப்படி உள்ளதோ அப்படியே" என்று விளம்பரத்தில் இருக்கிறதே.

கோவை_வழக்குரைஞர்
வங்கி பொறுப்பு. வீட்டை நேரில் கைப்பற்ற, சர்ஃபேசி சட்டத்தின் 14-ஆவது பிரிவில் வங்கிதான் மனுப் போடவேண்டும். மாவட்ட ஆட்சியரிடம் அல்லது தலைமைக் குற்றவியல் நடுவரிடம். விற்பனை முடிந்த பிறகும் வங்கி அப்படிப் போடலாம் என்று 2018-இல் தீர்ப்பு இருக்கிறது. 30 நாளில், காரணம் பதிவு செய்தால் 60 நாளில் உத்தரவு என்கிறது சட்டம். அந்தக் கணக்கை நம்பிப் பால் காய்ச்சத் தேதி குறிக்காதீர்கள். கால நீட்டிப்புக் கடிதத்திலேயே, 14-ஆவது பிரிவில் மனுப் போட்டு நேரடி சுவாதீனம் எடுத்துத் தரும்படியும் கேட்டுவிடுங்கள்.

பழைய_ஏலக்காரன்
நான் நான்கு வருடத்துக்கு முன் இதே நிலையில் இருந்தேன். எட்டு மாதம் கலெக்டர் அலுவலகத்துக்கு நடந்தேன். கடைசியில் அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினேன். அவர்களுக்குப் புது வீட்டு அட்வான்ஸ் கட்டப் பணம் இல்லை, அவ்வளவுதான் விஷயம். 60,000 கொடுத்தேன். பத்தாம் நாள் லாரி வந்தது. முதலிலேயே பேசியிருக்கலாம்.

இன்னொன்று: மின்கட்டண நிலுவையைப் பாருங்கள். எனக்கு 23,400 தலையில் விழுந்தது. பழைய உரிமையாளரின் பாக்கியைக் கட்டினால்தான் இணைப்பு என்று மின்வாரியம் கேட்கலாம். இதை 2023-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. வீட்டுவரி, தண்ணீர் வரியையும் மாநகராட்சியில் கேளுங்கள்.

கோவை_வழக்குரைஞர்
பணம் கொடுப்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கொடுத்த பிறகு "இன்னும் கொஞ்சம்" என்பவர்களையும் பார்த்திருக்கிறேன். கொடுப்பதென்றால் அதிகாரம் பெற்ற அலுவலர் முன்னிலையில், எழுதி வாங்கிக்கொண்டு, சாவி கைக்கு வரும் நேரத்தில் கொடுங்கள். ஆள் வைத்து மிரட்டுவது, மின் இணைப்பைத் துண்டிப்பது பக்கமே போகாதீர்கள். குற்ற வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

நொய்யல்கரை
கடனுக்கு ஏலம் விட்ட வங்கியிலேயே கேட்டீர்களா? பத்திரம் அவர்கள் பெட்டகத்தில்தானே இருக்கிறது.

தறிக்காரன்_ஈரோடு
கேட்கத் தோன்றவே இல்லை!

தறிக்காரன்_ஈரோடு (ஒன்பது நாள் கழித்து)
கடிதம் கொடுத்தேன். 45 நாள் நீட்டித்து, 14-ஆம் நாள் மாலை நாலரைக்குப் பதில் வந்தது. அதுவரை சோறு இறங்கவில்லை. அதே வங்கி 28 லட்சம் கடன் தருகிறது. மீதிக்கு நகையை வைக்கிறேன். 14-ஆவது பிரிவு மனு தயாராகிறதாம். மகனிடம் அலுவலர் பேசினார். பிள்ளையின் பரீட்சை முடியும்வரை இருக்க விட்டால் வழக்கை வாபஸ் வாங்குவதாகச் சொல்கிறார். எழுதிக் கொடுப்பாரா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். விற்பனைச் சான்றிதழைப் பதிவு செய்தே ஆகவேண்டுமா?

கோவை_வழக்குரைஞர்
கட்டாயமில்லை. சான்றிதழின் நகலை வங்கி சார்பதிவாளருக்கு அனுப்பினால் சொத்துப் பத்திரங்களுக்கான பதிவேடான புத்தகம் 1-இல் கோத்துவைப்பார். நீங்களாகப் பதிவுக்குக் கொடுத்தால் முத்திரைத் தீர்வை கேட்பார்கள். எது ஆனாலும், பிறகு ஒரு வில்லங்கச் சான்று போட்டு உங்கள் பெயர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டாவுக்கு அது வேண்டும். வாபஸ் என்றால் தீர்ப்பாயத்தில் மனு தாக்கல் ஆன எண்ணைக் கேளுங்கள். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுப்பதை நம்பவேண்டாம்.