யாஷிகா எலெக்ட்ரோ 35: லீவர் இழுத்தால் சத்தம் வரவில்லை

அப்பாவின் எலெக்ட்ரோ 35 ஜிஎஸ்என் கமராவை இரண்டு மாதத்துக்கு முன் அலுமாரியிலிருந்து எடுத்தேன். தோல் உறையில் அவர் கைவியர்வைக் கறை அப்படியே இருக்கிறது. திருகோணமலை உப்புக்காற்றிலும் லென்ஸில் பூஞ்சை இல்லை. ஆனால் ஃபிலிம் சுற்றும் லீவரை இழுக்கும்போது வர வேண்டிய ‘டக்’ சத்தம் இல்லை. வெளிச்ச அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள் விளக்குகள் எரிவதில்லை. வெயிலிலும் அறைக்குள்ளும் ஷட்டர் ஒரே வேகம். டச்சு பே கடற்கரையில் எடுத்த ரோலில் நிழலில் எடுத்த படங்கள் எல்லாம் இருட்டு.

பழைய 5.6 வோல்ட் பாதரச பற்றரிக்குப் பதில் 4எல்ஆர்44 போட்டேன், ஸ்பிரிங் வைத்து. பற்றரி செக் பட்டனை அழுத்தினால் பச்சை விளக்கு எரிகிறது. பற்றரி முனைகளில் இருந்த களிம்பையும் வினாகிரியால் துடைத்தாயிற்று. இங்கே ஸ்டூடியோக்காரர் திறக்க மாட்டேன் என்றார். இந்த அறிகுறிகளைப் பார்த்தால், உள்ளே சின்ன ரப்பர் துண்டு உதிர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அதை மாற்றித் தரக்கூடியவர் திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ யாராவது இருக்கிறார்களா?