டாக்டர் வி-யைக் குடும்பஸ்தர் என்று சொல்லலாமா?

தேனி_வாசகி கேட்கிறார்:
எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் மறைந்த மருத்துவர்களை நினைவுகூர ஒரு மாலைக் கூட்டம். ஆளுக்குப் பத்து நிமிடம். அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய கோ. வெங்கடசாமியை, அதாவது 'டாக்டர் வி'-யைப் பற்றிப் பேசுவதாகப் பெயர் கொடுத்துவிட்டேன். 'நல்ல மருத்துவர், நல்ல குடும்பஸ்தர்' என்று தலைப்பும் எழுதிக் கொடுத்தாயிற்று. செயலாளர் அதைப் பார்த்துவிட்டு, "அவர் கல்யாணமே பண்ணிக்கலையே, எந்தக் குடும்பத்தைச் சொல்றீங்க?" என்று மடக்குகிறார். தலைப்பை மாற்றவா? அவரை நேரில் பார்த்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

கம்பம்_ராஜா:
மாத்திருங்க அக்கா. ஒரு லட்சத்துக்கு மேல கண் ஆபரேஷன், 1973ல பத்மஸ்ரீ. பேசறதுக்கு அதுவே தாராளம். பத்து நிமிஷத்துல குடும்பக் கதை எதுக்கு?

உசிலம்பட்டிக்காரன்:
மாத்தாதம்மா. நான் டாக்டர் இல்லை, பேங்க்ல குப்பை கொட்டி ரிட்டயர் ஆனவன். எண்பதுகள்ல எங்க அப்பத்தாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. ஊர்ப் பள்ளிக்கூடத்துல முகாம் போட்டாங்க. பார்த்த கையோட பஸ்ல ஏத்தி மதுரைக்குக் கூட்டிட்டுப் போனாங்க, துணைக்கு நான். இலவசப் பகுதியில தரையில பாய். அஞ்சு பைசா வாங்கல. திரும்பி வர்றப்ப அப்பத்தா மூஞ்சியில சோடாபுட்டிக் கண்ணாடி. அப்பல்லாம் புரை விழுந்த லென்ஸை எடுத்துட்டு உள்ள எதையும் வைக்க மாட்டாங்க, அதனாலதான் அவ்வளவு தடிமன். உள்ள வைக்கிற செயற்கை லென்ஸ் வெளிநாட்டுல இருந்து வரணும், விலை நமக்கு எட்டாது. 1992ல ஆரோலேப்னு அரவிந்தோட லென்ஸ் செய்யற பிரிவைத் தொடங்கி மதுரையிலயே செஞ்ச பிறகுதான் பாய்ல படுத்தவங்களுக்கும் அது கிடைச்சுது. அப்பத்தாவுக்குக் குடுத்து வைக்கல.

அங்கதான் தாழ்வாரத்துல அவரைப் பார்த்தேன். விரல் எல்லாம் கோணிக்கிட்டு இருந்துச்சு. இந்தக் கையாலயா கத்தி வைக்கப் போறாருன்னு எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. அப்புறந்தான் விவரம் தெரிஞ்சுது. சின்ன வயசுல சொந்தத்துல மூணு பொண்ணுங்க பிள்ளைப்பேறுல செத்ததைப் பார்த்தவர். பிரசவ டாக்டர் ஆகணும்னுதான் ஆசை. 1944ல ஸ்டான்லியில படிச்சு முடிச்சு ராணுவத்துக்குப் போனாரு. அங்க முடக்குவாதம் வந்து படுக்கையில தள்ளிருச்சு. எந்திரிச்சப்ப பிரசவம் பார்க்குற வேலைக்கு உடம்பு ஒத்துழைக்காதுன்னு ஆயிருச்சு. அதனால கண் படிச்சாரு. வளைஞ்ச விரலுக்குத் தோதா கருவிகளைப் பிடிச்சுப் பழகுனாரு.

இப்ப உங்க செயலாளர் கேட்டதுக்கு வர்றேன். எட்டயபுரம் பக்கம் வடமலாபுரம், விவசாயக் குடும்பம். அஞ்சு பேர்ல இவர் மூத்தவர். அப்பா போன பிறகு தம்பி தங்கச்சிங்க படிப்பு, கல்யாணம், நல்லது கெட்டது எல்லாம் இவர் தலையில. எங்க வீட்டுலயும் நான் மூத்தவன், அந்தப் பாரம் என்னன்னு எனக்குத் தெரியும். தாலி கட்டினாத்தான் குடும்பஸ்தன்னு யாரு சொன்னது?

அந்தக் குடும்பம் இல்லாம அரவிந்த் இல்லை. 1976ல 58 வயசுல அரசு வேலையில ஓய்வு பெற்றாரு. நம்ம ஆளுங்க அந்த வயசுல பென்ஷன் ஃபைலைத் தூக்கிட்டு அலைவோம். இவர் வீட்டை அடமானம் வச்சாரு. 11 படுக்கையோட ஆரம்பம். தங்கச்சி நாச்சியார் கண் டாக்டர், அவங்க வீட்டுக்காரர் நம்பெருமாள்சாமியும் கண் டாக்டர். கட்டடமும் கணக்கும் தம்பி சீனிவாசன் பொறுப்பு. மூத்தவர் கூப்பிட்டாரு, எல்லாரும் வந்தாங்க.

இவரைப் பத்தி எழுதுறவங்க எல்லாரும் மெக்டொனால்ட்ஸைக் கொண்டு வந்துருவாங்க. அந்தக் கடை மாதிரி எல்லா ஊர்லயும் ஒரே தரத்துல கண் வைத்தியம் கிடைக்கணும்னு அவரே சொன்னதுதான், பொய் இல்லை. ஆனா அந்தக் கடையைப் பார்த்தவங்க ஆயிரம் பேர். பார்த்துட்டு வந்து சொன்னதும் நம்பி இறங்கறதுக்கு ஒரு வீடே தயாரா இருந்தது இவருக்கு மட்டுந்தான்.

வார்டு_மல்லிகா:
உசிலம்பட்டி ஐயா சொன்னது சரி, ஆனா ஒரு பக்கம்தான். வேறொரு ஊரில், வேறொரு மருத்துவமனையில் முப்பது வருஷம் செவிலியாக இருந்தவள் சொல்கிறேன். மூத்தவர் கூப்பிட்டார், வந்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். வந்தவர்களுக்கும் பிள்ளைகள் இருந்திருக்கும், அடுப்பு இருந்திருக்கும். கல்யாணம் ஆகாத அண்ணனுக்கு ஆஸ்பத்திரியே வீடாக இருக்கலாம். நாச்சியார் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி ஒன்று, வீடு ஒன்று. அதற்கு நடுவில் கிராமத்துப் பெண்பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்து, கண் பார்வை சோதிப்பதிலிருந்து அறுவை அரங்கு வரை நிற்க வைத்ததில் அவர் பங்கு பெரிது. டாக்டர் ஒரு மேசையில் முடித்துத் திரும்பினால் பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயார். தயார் செய்வது அந்தப் பிள்ளைகள். தேனி அக்கா, அவர்களுக்கு எத்தனை நிமிடம் வைத்திருக்கிறீர்கள்?

உசிலம்பட்டிக்காரன்:
நியாயந்தான் தாயி. எங்க வீட்டுலயும் நான் மூத்தவன்னு மார் தட்டுவேன், ராத்திரி பத்து மணிக்கு வர்ற விருந்தாளிக்கு உலை வச்சது என் தம்பி பொண்டாட்டி.

கம்பம்_ராஜா:
அப்ப பத்மஸ்ரீயைச் சொல்லவே வேண்டாமா?

தேனி_வாசகி:
ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன் ராஜா. 2006 ஜூலையில் அவர் மறைந்ததும் இன்னொரு வரி. மல்லிகா அக்கா கேட்டபடி நாச்சியார் அம்மாவுக்கும் அந்தப் பெண்களுக்கும் நான்கு நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன். மெக்டொனால்ட்ஸை எடுத்துவிட்டேன். தலைப்பு அப்படியே இருக்கும் என்று செயலாளரிடம் போனில் சொன்னேன். "சரி, கேள்வி நேரத்துல நான் கேப்பேன்" என்கிறார். கேட்கட்டும். உசிலம்பட்டி ஐயா, அன்றைக்கு மாலை தேனிப் பக்கம் வர முடியுமா?