மணி பிளான்ட்: அடி இலை மஞ்சள், மேலே பழுப்புப் புள்ளி. எந்த மருந்து?

பால்கனிப்பச்சை:
8 அங்குல பிளாஸ்டிக் தொட்டி, செம்மண்ணும் தொழுவுரமும் சரிபாதி. கிழக்கு ஜன்னலோரம், தினமும் ஒரு டம்ளர் தண்ணீர். அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. மேலே மூன்று இலைகளில் பழுப்புப் புள்ளி, சுற்றி மஞ்சள் வளையம். கார்பன்டாசிம் (பூஞ்சைக்கொல்லி) கைவசம் இருக்கிறது. ஊற்றலாமா, கூடவே கொஞ்சம் யூரியாவும் போடலாமா?

வேரடிமண்:
இரண்டும் வேண்டாம். முதலில் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்க. நல்ல வேர் வெள்ளையா, விறைப்பா இருக்கும். அழுகின வேரை விரலால் உருவினா தோல் கழன்று வந்து நடுவில் நூல் மாதிரி ஒண்ணு மிஞ்சும், மண்ணும் நாறும். இது பெரும்பாலும் பித்தியம், ஈர மண்ணில் வேரை அழுக வைக்கும் பூஞ்சை மாதிரியான கிருமி. அது நிஜப் பூஞ்சை இல்லை, அதனால கார்பன்டாசிம் கேட்காது. வேர் போன செடிக்கு யூரியா போட்டா மிச்சமும் கருகும்.

மண்ணை உதறிக் கழுவி, அழுகினதை நல்ல பகுதி தெரியும்வரை வெட்டுங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்திரியை சர்ஜிகல் ஸ்பிரிட்டில் துடைக்கணும். புதுக் கலவை: கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 2 பங்கு, மண்புழு உரம் 1, பெர்லைட் (தண்ணீர் வடிய உதவும் இலேசான வெள்ளைக் கல்துகள்) 1. அதே பெரிய தொட்டியில் வைக்காதீங்க; வேர் எட்டாத மண் காயவே காயாது. மிஞ்சின வேரைவிட ஒரு அங்குலம் அகலம் போதும். விரலை 2 அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தா மட்டும் தண்ணீர்.

இலைநோய்:
புள்ளி தனிக் கதை. இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்க. புள்ளியின் ஓரம் எண்ணெய் பட்ட காகிதம் போல ஈரம் கோத்துத் தெரிந்தால் பாக்டீரியா. காய்ந்து, நடுவில் கடுகைவிடச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் பூஞ்சை. எதுவானாலும் அந்த மூன்று இலையையும் வெட்டிக் குப்பையில் போடுங்க, உரக்குழியில் வேண்டாம். இலைமேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினாலே பாதி அடங்கும். புது இலையிலும் வந்தால் மட்டும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு 50% தூள், லிட்டருக்கு 2.5 கிராம். வீட்டுக்குள் அடிக்காதீங்க, வெளியே வைத்து, கையுறை போட்டு, சாயங்காலம்.

பால்கனிப்பச்சை:
பார்த்தாச்சு. முக்கால்வாசி வேர் பழுப்பு, தண்டின் அடியும் கொழகொழப்பு. புள்ளி ஓரம் ஈரமாகத்தான் தெரிகிறது. டிரைக்கோடெர்மா (நோய்க்கிருமியை அடக்கும் நல்ல பூஞ்சாணம்) கலந்தால் தேறுமா?

வேரடிமண்:
தண்டே கொழகொழத்தாச்சுன்னா அடிச்செடியை விட்டுடுங்க. டிரைக்கோடெர்மா வராமல் தடுக்கும், அழுகினதைத் திருப்பித் தராது. புதுக் கலவையில் கிலோவுக்கு 10 கிராம் போடலாம், ஆனா காப்பர் மருந்து அந்த மண்ணில் விழாமல் பார்த்துக்கோங்க, அந்தப் பூஞ்சாணத்தைப் பாதிக்கலாம்.

புள்ளி இல்லாத நுனித்தண்டை, கணுவுக்குக் கீழே அரை அங்குலம் விட்டு வெட்டுங்க. வெட்டின இடம் உள்ளே பச்சையா இருக்கணும். பழுப்புக் கோடு தெரிந்தா இன்னும் மேலே போங்க. கணு மட்டும் தண்ணீரில் முங்கணும், இலை முங்கக்கூடாது. மூணு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாத்துங்க. வேர் 2 அங்குலம் ஆனதும் மண்ணுக்கு மாத்திடுங்க. பழைய தொட்டியை சோப்புப் போட்டுக் கழுவி, 1 பங்கு திரவ பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிஷம் ஊறவைத்த பிறகுதான் வேறெதையும் நடணும்.