ஒரே பாட்டு ஃபோல்டர், மூணு டிவைஸ், எதுவும் அழியாம சின்க் பண்றது எப்படி?

மஞ்சக்குப்பத்துல இருந்து எழுதுறேன். கம்ப்யூட்டர்ல இருக்குற பாட்டையெல்லாம் என் போன், தம்பி போன், அப்பா கார் பென்டிரைவ்னு ஏத்தி வச்சிருக்கேன், போன வாரம் தம்பி இடம் பத்தலன்னு அவன் போன்ல கொஞ்சம் அழிச்சிருக்கான், ராத்திரி சின்க்திங் (எல்லா டிவைஸ்லயும் ஃபோல்டர ஒரே மாதிரி வச்சிருக்குற சாஃப்ட்வேர்) ஓடி கம்ப்யூட்டர்லயும் காலி. தாத்தா பாடலீஸ்வரர் கோயில்ல நாதஸ்வரம் வாசிச்ச கேசட் ரெக்கார்டிங்கும் அதுல போச்சு. என்ன பண்றது?

பதில்: முதல்ல அந்த டிரைவ்ல புதுசா எதையும் காப்பி பண்ணாதீங்க. ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு பாக்கலாம், டிரைவ் எஸ்எஸ்டின்னா (சுத்துற தட்டு இல்லாம சிப்ல சேமிக்கிற வகை) சான்ஸ் கம்மி. ஆமா, அப்பா பென்டிரைவ பாத்தீங்களா?

பதில்: பாண்டில இருந்து நான். சின்க்திங்ல கம்ப்யூட்டர் ஃபோல்டர 'செண்ட் ஒன்லி', போன்ல 'ரிசீவ் ஒன்லி'ன்னு மாத்துங்க, அப்புறம் போன்ல யார் எத அழிச்சாலும் கம்ப்யூட்டர்ல கை வைக்காது. ஆனா நீங்களே கம்ப்யூட்டர்ல அழிச்சா எல்லா போன்லயும் போயிடும், சின்க் வேற பேக்கப் வேற, அதனால ஒரு ஹார்ட் டிஸ்க்ல காப்பி போட்டு பீரோல வைங்க. தம்பிக்கு தனி ஃபோல்டர் ஒண்ண மட்டும் ஷேர் பண்ணா இடப் பிரச்சனையும் வராது.

கேட்டவர்: பென்டிரைவ்ல இருந்துச்சுங்க!! 27 நிமிஷம், நடுவுல கோயில் மணி சத்தத்தோட அப்படியே. மொத வேலையா ரெண்டு காப்பி எடுத்துட்டேன், தம்பிகிட்ட இன்னும் பேசல.