அப்பாவின் கால் புண்ணுக்கு உறிஞ்சும் கருவி: அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

மலர்விழி:
அப்பாவுக்குச் சர்க்கரை நோய். அழுகிய இரண்டு விரல்களை எடுத்த பிறகு பாதத்தில் ஆழமான புண். நாளை அதில் பஞ்சு வைத்து, குழாய் இணைத்து, உறிஞ்சும் கருவி பொருத்தப்போகிறார்கள். "இருக்கிற இரத்தத்தையும் உறிஞ்சிவிடாதா?" என்று அம்மா அழுகிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செவிலியர் தேவி:
மலர்விழி, புண் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள்: கருவி இழுப்பது புண்ணில் ஊறும் நீரை. அதில் கொஞ்சம் இரத்தம் கலந்து வருவது இயல்பு.

நுரைப்பஞ்சின் மேல் காற்றுப் புகாத படலம் ஒட்டி, பெரும்பாலும் 125 மி.மீ. பாதரச அளவுக்கு உறிஞ்சு அழுத்தம் வைப்போம். பஞ்சு சுருங்கும்போது புண்ணின் ஓரங்கள் நெருங்கி வரும். நீர் வெளியேறுவதால் வீக்கம் வடியும். பஞ்சின் நுண்துளைகள் தசையை மெல்ல இழுக்க, அந்தத் தூண்டுதலில் செல்கள் பெருகும். கட்டைப் பிரிக்கும்போது புதுத்தசை மணிமணியாகச் சிவந்து கிளம்பியிருந்தால் எனக்கு இன்றும் மனம் நிறைந்துவிடும்.

ஆனால் அழுகிய தசையைக் கருவி அகற்றாது. அதை முன்பே வெட்டிச் சுத்தம் செய்திருக்க வேண்டும். எலும்பில் தொற்று இருக்கிறதா, காலுக்கு இரத்த ஓட்டம் போதுமா என்று நாளை கட்டாயம் கேளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் மறக்காமல் சொல்லுங்கள். குழாயில் திடீரெனச் செக்கச்செவேலென்று இரத்தம் பாய்ந்தால் கருவியை நிறுத்தி, கட்டின் மேலேயே அழுத்திப் பிடித்து, உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

கதிரவன்:
என் மனைவிக்கு வைத்தார்கள். கருவியைவிடப் பஞ்சை மாற்றும் வேளைதான் வேதனை. முன்கூட்டியே வலி மாத்திரை கேட்டு வாங்குங்கள்.

செவிலியர் தேவி:
உண்மை. பஞ்சு ஒட்டியிருந்தால் உப்பு நீர் விட்டு ஊற வைக்கச் சொல்லுங்கள், பிடுங்க விடாதீர்கள். பொதுவாக 48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். வைத்த துண்டுகளை எண்ணி எழுதி, எடுக்கும்போதும் எண்ண வேண்டும். உள்ளே ஒன்று தங்கினாலும் சீழ் பிடிக்கும்.

அன்பரசன்:
இது உண்மையில் பலன் தருமா? சாதாரணக் கட்டே போதாதா?

செவிலியர் தேவி:
எல்லாப் புண்ணுக்கும் தேவையில்லை. பாதத்தின் ஒரு பகுதியை அகற்றிய 162 சர்க்கரை நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2005இல் வெளியானது. கருவி வைத்தவர்களில் 56 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 39 சதவீதம் பேருக்கும் புண் ஆறியது. அப்பாவின் புண் இந்த வகை என்பதால்தான் நம்பிக்கையோடு சொல்கிறேன். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், அந்தக் காலை ஊன்ற விடாதீர்கள்.

மலர்விழி:
நன்றி அக்கா. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கருவி இரவில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார்.

செவிலியர் தேவி:
எச்சரிக்கை ஒலி வரும். பெரும்பாலும் படலத்தின் ஓரம் விட்டிருக்கும், இல்லையென்றால் குழாய் மடிந்திருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடாமல் இருந்தால் பஞ்சை எடுத்துவிட்டுச் சாதாரணக் கட்டுப் போட வேண்டும். காலை வரை காத்திருக்காதீர்கள், இரவுப் பணியில் இருப்பவரை எழுப்புங்கள்.